ஆஸ்கார் மீன்: குஞ்சு எடுக்குமுன் கணக்குப் பாருங்கள்

நம் உறுப்பினர்கள் பலர் கடையிலும் வீட்டிலும் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஆஸ்கார் மீனுக்குத் தனி மவுசு உண்டு. ஆளைக் கண்டதும் முன்னால் வந்து நிற்கும். கையிலிருந்தே தீனி வாங்கும். இதைக் குஞ்சு பொரிக்க வைத்தால் உபரி வருமானம் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கான முறையையும், முன்கூட்டியே போட வேண்டிய கணக்கையும் கீழே தருகிறேன்.

ஆஸ்காரின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி. சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையும், கேரளத்தார் விரும்பும் கரிமீனும் இதே குடும்பம்தான். 2 அங்குலக் குஞ்சாக வாங்கும் ஆஸ்கார் ஓராண்டில் 10 அங்குலம் வரை வளரும். வாயில் அடங்கும் மீன் எதையும் விழுங்கிவிடும்.

தொட்டி: ஒரு ஜோடிக்கு 5 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். இது சுமார் 420 லிட்டர் பிடிக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷமாகும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் புது பில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே, ஏற்கெனவே ஓடும் தொட்டியின் பில்டர் பஞ்சை மாற்றி வைத்து, அதன்பின் மீன் விடுவது நல்லது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

ஜோடி: பார்வைக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. ஆறு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்தால் அவையே ஜோடி சேரும். முட்டையிடும் சமயத்தில் அடிவயிற்றில் ஒரு சிறு குழல் வெளியே தெரியும். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கியும், ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும். இரண்டு பெண் மீன்கள் ஜோடி போல நடந்து முட்டையிடுவதும் உண்டு. அந்த முட்டைகள் முழுவதும் வெள்ளையாகிக் கெட்டுவிடும்.

முட்டை: சுமார் ஒன்றரை வயதில், 27, 28 டிகிரி வெப்பத்தில், தட்டையான கல்லை வாயால் சுத்தம் செய்து முட்டையிடும். ஒரு தடவைக்கு ஆயிரம் முட்டைகூட இடும். தாயும் தகப்பனும் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். மூன்று நாளில் பொரிக்கும். மேலும் ஒரு வாரத்திற்குள் குஞ்சுகள் நீந்தும். அப்போது ஆர்டீமியாக் குஞ்சுகளைத் தினமும் மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டும். முதல் சில ஈடுகளைப் பெற்றோரே தின்றுவிடுவது சகஜம். வளர வளரப் பெரிய குஞ்சு சிறியதைத் தின்னும். அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும்.

இனி கணக்கு. ஆயிரத்தில் பாதி பிழைத்தாலும் 500 குஞ்சு. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பையே தொழிலாகச் செய்பவர்கள் ஏராளம். அவர்கள் விலைக்குத்தான் நம் குஞ்சும் போகும். நூறு குஞ்சு தங்கிவிட்டால், வளர்ந்த பின் மேற்சொன்ன அளவில் ஐம்பது தொட்டி தேவை. அரிசி தேங்கினால் மூட்டையில் இருக்கும். இந்தச் சரக்கு தேங்கினால் தினமும் தின்னும், வளரும், வாங்க ஆளும் குறையும்.

அப்போது சிலர் செய்வது, ஏரியில் கொண்டுபோய் விடுவது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பனாமாவில் ஒரு குளத்திலிருந்து தப்பிய பீகாக் பாஸ் என்ற அமேசான் சிக்லிட், 1967-ஆம் ஆண்டு வாக்கில் காட்டூன் ஏரியை அடைந்தது. சில ஆண்டுகளில், அது பரவிய பகுதிகளில் முன்பு ஏராளமாக இருந்த பல சிறு மீன் இனங்கள் அற்றுப்போயின. ஆப்பிரிக்க இனமான ஜிலேபிக் கெண்டை 1952-ல் நம் நாட்டுக்கு வந்தது. இன்று அது இல்லாத ஏரி அரிது. ஏரியில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே, குஞ்சு எடுப்பதற்குமுன் இரண்டு மூன்று மீன் கடைகளில் எத்தனை எடுப்பார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உறுதி கிடைக்காவிட்டால், முட்டையிட்ட அன்றே கல்லை எடுத்துக் காய வைத்துவிடுங்கள். வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கிடங்கு பார்த்துச் சரக்கு எடுக்கும் நமக்கு இது புதிய பாடம் அல்ல.