இலையின்றி வாழும் ஆர்க்கிட்

மரத்தின்மேல் வளரும் செடி எதுவாயினும் அது மரத்தின் சாற்றை உறிஞ்சியே வாழ்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதனால் தீங்கற்ற செடிகளையும் பட்டையிலிருந்து சுரண்டி எறிந்துவிடுகிறோம். அவ்வாறு அழியும் செடிகளுள் ஒன்று, டீனியோஃபில்லம் என்னும் சிறிய ஆர்க்கிட் ஆகும்.

மலேசியா உள்ளிட்ட வெப்பமண்டல நாடுகளின் காடுகளில் இது வளர்கிறது. புளூம் என்னும் தாவரவியல் அறிஞர் 1825ஆம் ஆண்டில் இதற்குப் பெயர் சூட்டினார். 'நாடா போன்ற இலை' என்பது அப்பெயரின் பொருள். ஆயினும், பட்டையின்மீது நாடாவைப்போல் படர்ந்திருப்பவை இலைகள் அல்ல, வேர்களே. தண்டு மிகக் குறுகியது. இலைகளோ நுண்ணிய செதில்களாகச் சுருங்கிவிட்டன.

இலையில்லாச் செடி உணவுக்கு என்ன செய்யும்? இதன் வேர்களில் பச்சையம் உண்டு. ஆகவே, இலை செய்யும் வேலையை வேரே செய்கிறது. மழைநீரையும் அதில் கரைந்துவரும் சத்துகளையும் வேர்கள் ஏற்கின்றன. இதைப்போன்ற இலையற்ற ஆர்க்கிட்டான கைலோஸ்கிஸ்டாவைப் பற்றி 1985ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதன் வேர்கள் இரவில் கரியமில வாயுவை ஏற்று, அமிலமாகச் சேமித்து, பகலில் சூரிய ஒளியின் துணையால் உணவாக்குகின்றன என்று அவ்வாய்வு காட்டிற்று.

இனி, புல்லுருவியைப் பார்ப்போம். அதற்குப் பச்சை இலைகள் நிறைய உண்டு. ஆயினும் அது தன் உறிஞ்சு உறுப்பை மரத்தினுள் செலுத்தி, நீரையும் தாதுச் சத்தையும் கவர்கிறது. இலையுள்ளது பிறர் பொருளைக் கவர, இலையற்றது தன் உழைப்பில் வாழ்கிறது!

இரண்டையும் பிரித்தறிவது எளிது. புல்லுருவி பற்றிய இடத்தில் கிளை பெரும்பாலும் புடைத்திருக்கும். அக்கிளையைப் புடைப்புக்குக் கீழே வெட்டி அகற்றுதல் நன்று. ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதோடு நின்றுவிடும், மரத்தினுள் நுழையாது.

தூசு போன்ற இதன் விதையில் சேமிப்பு உணவு இல்லை. தக்க பூஞ்சையின் துணை கிட்டினால்தான் அது முளைக்கும். வேரைப் பிய்த்தெடுத்தாலோ, உணவு தயாரிக்கும் உறுப்பே சிதைகிறது. ஆதலின், அடுத்த முறை மரத்தில் பச்சை நாடாக்களைக் கண்டால், கத்தியை ஓங்குமுன் உற்று நோக்குவோம். நம் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டி விளக்குவோம்.