தோள் மாற்றும் இடம்

பொங்கலன்று இரவு சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் பல்லக்கில் புறப்படுவார். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாக இரவெல்லாம் பயணம். மாட்டுப்பொங்கலன்று பழைய சீவரம் மலைமேல் எழுந்தருளி, அங்கிருந்து லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போய்ச் சேருவார். போகும் தூரம் மட்டுமே 20 கிலோமீட்டருக்கு மேல். பார்வேட்டை உற்சவம் என்று வழியோர ஊர்களெல்லாம் காத்திருக்கும் இந்தப் பயணத்தில், சிறுவயதிலிருந்து என் கண் போவது பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளுக்குத்தான். அடுத்துத் தாங்கப் போகிறவர் முன்கூட்டியே தண்டுக்குப் பக்கத்தில் வந்து, தாங்குகிறவரின் நடையோடு தன் நடையைச் சேர்த்துக்கொள்வார். புதுத் தோளில் பாரம் ஏறிய பிறகுதான் பழைய தோள் விலகும். பல்லக்கு தரையைத் தொடாது, சாயாது.

இரவு ரிலே ஓட்டம் நடத்தப் போகிறவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நீங்கள் வேலை செய்யும் கம்பெனியில் மனிதவளத் துறை கேட்டிருக்கலாம்; ஊர் இளைஞர் மன்றம் கேட்டிருக்கலாம். “ராத்திரி முழுக்க ஓடுற மாதிரி ஒண்ணு நடத்தித் தர முடியுமா?” என்றதும் எல்லோரும் முதலில் வேகமாக ஓடுகிறவர்களைத் தேடுவார்கள். நீங்கள் மாற்றும் இடங்களைத் தேடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1982இல் 8 குழுக்களோடு தொடங்கிய ‘ஹூட் டு கோஸ்ட்’ ஓட்டத்தில் ஒரு குழுவுக்கு 12 பேர், 36 கட்டங்கள், ஏறத்தாழ 320 கிலோமீட்டர். 36 கட்டம் என்றால் 35 கைமாற்றம். ஒவ்வொன்றிலும் 2 நிமிடம் வீணானால் 70 நிமிடம் போயிற்று. எத்தனை நல்ல ஓட்டக்காரர் கிடைத்தாலும் அந்த 70 நிமிடத்தை மீட்டுத் தர முடியாது. அதுவும் அந்த நிமிடங்கள் இருட்டில், சாலையோரத்தில், வியர்வை காய்ந்து குளிர் ஏறும் உடம்போடு நிற்கிற நிமிடங்கள்.

அதனால் கட்டங்களைச் சமதூரமாக வெட்டாதீர்கள். வரைபடத்தில் 6 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் பாதிப் புள்ளிகள் ஏரிக்கரையிலும் இருட்டு வளைவிலும் போய் விழும். வெளிச்சம், வண்டி நிறுத்த இடம், கழிப்பறை மூன்றும் உள்ள இடத்தில் கட்டத்தை முடியுங்கள். இரவு திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் நல்ல இடம். பங்க் மேலாளரிடம் முன்பே நேரில் பேசிவிட வேண்டும். ஒரு கட்டம் 4 கிலோமீட்டராகவும் அடுத்தது 9 ஆகவும் இருந்தால் தவறில்லை, ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பகலில் ஒரு முறை, ஓடப் போகிற அதே மணிக்கு இரவில் ஒரு முறை, வழி முழுக்க நீங்களே போய்வாருங்கள். பகலில் தெரியாத தெருநாயும், அணைந்த தெருவிளக்கும், விடியற்காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற விரையும் கம்பெனி பஸ்ஸும் இரவில்தான் தெரியும். காவல்துறை அனுமதிக்கு வழியையும் நேர அட்டவணையையும் இணைத்து எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது இரவு ரோந்து வண்டிக்குப் போய்ச் சேராது.

சாலையில் ஓடும் விதி எளிது. நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், ஓடுகிறவர் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். ஒளி திருப்பும் மேல்சட்டை, நெற்றி விளக்கு, முதுகில் மின்னும் சிவப்பு விளக்கு. இந்த மூன்றில் ஒன்று இல்லாதவரை வண்டியை விட்டு இறக்காதீர்கள், அவர் உங்கள் மேலதிகாரியாகவே இருந்தாலும். இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட யாரையும் விடக்கூடாது.

இனி கைமாற்றம். எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஒரு பாவு முடியும்போது புதுப் பாவை முதலிலிருந்து அச்சில் கோக்க மாட்டார்கள். பழைய பாவின் நுனியில் புதுப் பாவின் நுனியை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை தவறினாலும் நெய்யும்போது காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலைக்கு உட்கார்ந்தவரிடம் யாரும் கதை பேசப் போகமாட்டார்கள். கைமாற்றம் நடக்கும் அரை நிமிடத்துக்கும் அதே மரியாதை வேண்டும். செல்பி, கைதட்டல், கூச்சல் எல்லாம் கொஞ்சம் தள்ளி நடக்கட்டும்.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்றுண்டு. ஓர் இரவு ஓட்டத்துக்கு அட்டவணை போட்டவன் நான். “சுமார் 3 மணி” என்று எழுதியிருந்தேன். ஓடி வந்த தம்பி 2.48க்கே வந்துவிட்டான். அடுத்து ஓட வேண்டியவர் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஷூ கட்டி இறங்கும்வரை 11 நிமிடம் அந்தப் பையன் சாலையோரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றான். தூங்கியவர் மேல் தவறில்லை, ‘சுமார்’ என்ற சொல்தான் தவறு. அதன்பிறகு நான் மாற்றிக்கொண்ட முறை இது: ஒவ்வொருவரும் பயிற்சியில் ஓடிய வேகத்தை வைத்து வந்துசேரும் நிமிடத்தைக் கணக்கிடுகிறேன், நள்ளிரவுக்குப் பிறகான கட்டங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்கிறேன், அடுத்தவரை அரை மணி நேரம் முன்பே எழுப்பிவிடுகிறேன். தூக்கத்திலிருந்து எழுந்த உடம்புக்கு நிதானம் வர அந்த நேரம் தேவை. கடைசி ஒரு கிலோமீட்டரில் நிற்கும் தொண்டர் போன் செய்ததும், அடுத்தவர் கோட்டில் வந்து நின்றுவிட வேண்டும். வருகிறவர் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், வாங்குகிறவர் “வாங்கிட்டேன்” என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகே முதலாமவர் கைமாற்றும் கோலை விடலாம்.

ஜப்பானியர்கள் கோலுக்குப் பதில் ‘தாசுகி’ என்ற துணிப்பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்து ஓடுவார்கள். 1917இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை ஏறத்தாழ 508 கிலோமீட்டரை 23 கட்டங்களாகப் பிரித்து, இரவு பகலாக ஓடினார்கள். 1920இல் தொடங்கிய ஹக்கோனே எகிதென் என்ற ரிலே போட்டியில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: முதல் குழு கடந்து குறித்த நிமிடங்களுக்குள் தாசுகி வந்து சேராவிட்டால், அடுத்தவர் வேறொரு பட்டையோடு புறப்பட்டுவிட வேண்டும். பார்க்க மனசு கனக்கும் காட்சி. ஆனால் அந்த விதியை எழுத்தில் வைத்திருப்பதால்தான் சாலை குறித்த நேரத்தில் திறக்கிறது. உங்கள் ஓட்டத்துக்கும் அப்படி ஒரு கெடுவை முன்பே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதிகாலை 4 மணிக்கு, சோர்ந்த மூளையோடு, நண்பர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கிற முடிவு பெரும்பாலும் தவறாகத்தான் போகும்.

குறிப்பேடு ஒன்று கோலோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். வந்த நேரம், ஓடியவரின் நிலை, மிச்சமிருக்கும் வேலை. இதை எழுதச் சொன்னால் “விளையாட்டுக்குப் போய் இத்தனை தாளா?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு பைப்பர் ஆல்பாவைச் சொல்லுங்கள். 1988 ஜூலை 6, வடகடலில் ஓர் எண்ணெய் மேடை. பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிப் பழுதுபார்க்க எடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றபோது இரவு ஆட்கள் வால்வு கழற்றிய இந்தப் பம்பை இயக்கினார்கள். மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். கைமாற்றக் குறிப்பு என்பது என் கண்ணில் உயிர் காக்கும் தாள்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட மோர். எங்கள் ஊர்க் குடலை இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மூங்கில் குடலையில் வேகவைப்பது, வழிப்பயணத்துக்கு அருமையான துணை. ஓடி முடித்தவருக்குக் கொடுங்கள், ஓடப் போகிறவருக்கு வேண்டாம்.

மருத்துவ உதவியைப் பற்றி யோசிக்கும்போது திருமுக்கூடலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், மருந்து கொடுக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஆள் ஆளாக வேலையைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் எழுத வேண்டிய பட்டியல் இப்படித்தான் இருக்க வேண்டும். “எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்” என்ற வரியே அதில் வரக்கூடாது. 108ஐ அழைப்பவர் யார், ஓடுகிறவரை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது பெயர் போட்டு இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

இந்த அனுபவத்தை வேலை நேர்காணலில் எப்படிச் சொல்வது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். “ஒரு நிகழ்ச்சியை ஒருங்கிணைத்தேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள், அது யாருக்கும் எதையும் சொல்லாது. எத்தனை கைமாற்றம், எத்தனை நிமிடம் இழப்பு, எங்கே தவறினீர்கள், மறுமுறை எதை மாற்றினீர்கள் என்று உங்கள் குறிப்பேட்டிலிருந்து சொல்லுங்கள். மூன்று ஷிப்டு ஓடும் ஆலைக்கும், இரவுப் பணிச் செவிலியர்களை நிர்வகிக்கும் மருத்துவமனைக்கும் தேவைப்படுகிற ஆள் அந்தக் குறிப்பேட்டை வைத்திருப்பவர். இன்னொன்றும் சொல்வேன்: குழுவிலேயே வேகமாக ஓடுகிறவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்காதீர்கள். அவர் மனம் தன் கட்டத்திலேயே இருக்கும்.

கடைசியாக, வேன் ஓட்டுநர். இரவு முழுக்க எல்லோரும் ஓடுகிறவரையே பார்ப்பார்கள், ஆனால் அதிக ஆபத்தில் இருப்பவர் இவர். அதிகாலை 2 முதல் 5 வரை உடம்பு தானாகத் தூக்கத்தை இழுக்கும் நேரம், டீ அதை வெல்லாது. ஓட்டுநர் ஓடக்கூடாது, ஓடுகிறவர் ஓட்டக்கூடாது. ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர், அவர்களுக்குள்ளும் எழுதிவைத்த கைமாற்ற நேரம். முடிவுக்கோட்டில் பதக்கம் போட்டு, படம் எடுத்து முடித்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகத் துடிப்பார்கள். ஓட்டியவர்கள் இருவரும் தூங்கி எழும்வரை வண்டிச் சாவி இன்னொருவர் பையில் இருக்கட்டும். அவசரமாகப் போக வேண்டியவர்களுக்குப் பஸ் இருக்கிறது.