பாதிக் குழு பெங்களூரில், பாதிக் குழு கோச்சடையில்

ஹைப்ரிட் பிளாக்செயின் ஹேக்கத்தானுக்கு எங்கள் குழுவில் இருவர் இரவுப் பேருந்து ஏறி பெங்களூர் போனார்கள். நானும் இன்னொருவரும் மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். ஊரிலேயே இருந்ததுதான் எங்களுக்குப் பலம்.

எடுத்துக்கொண்ட விஷயம் மதுரை மல்லி. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. விவசாயி கொண்டுவரும் பூவின் எடையை, பின்னால் யாரும் மாற்ற முடியாதபடி பதிய வேண்டும். அதற்காக விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் நின்றோம். தராசு பொய் சொன்னால் பிளாக்செயின் அந்தப் பொய்யைத்தான் பத்திரமாக வைத்திருக்கும் என்பது அங்கேதான் உறைத்தது. எனவே விவசாயி, கடைக்காரர் இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே எடை பதிவாகும்படி ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டை எழுதினோம். 'டேட்டாபேஸ் போதாதா?' என்று நடுவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 'அந்த டேட்டாபேஸ் யார் கையில் இருக்கும்?' என்பதே எங்கள் பதில். இந்தப் பதில் கிடைக்காத யோசனையை முதல் நாளே கைவிட்டுவிடுங்கள்.

எடைச் சீட்டின் படத்தைச் செயினில் ஏற்றாதீர்கள். ஈத்தீரியத்தில் புதிதாக 32 பைட் எழுதவே 20,000 கேஸுக்கு மேல் ஆகும். படம் வெளியே இருக்கட்டும். அதன் 32 பைட் ஹாஷ் மட்டும் உள்ளே போதும்.

வீட்டில் இருப்பவருக்குத் துண்டு துண்டாக வேலை கொடுக்காமல் ஒரு பகுதியை முழுசாக ஒப்படையுங்கள். கான்ட்ராக்ட் எங்கள் பொறுப்பு, ஆப்பும் மேடையும் பெங்களூர் போனவர்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். ஃபங்ஷன் பெயர்கள் மட்டும் உள்ள வெற்றுக் கான்ட்ராக்ட்டைத் தொடக்கத்திலேயே செப்போலியா டெஸ்ட்நெட்டில் ஏற்றி, முகவரியை அனுப்பிவிட்டோம். அவர்கள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. திரும்ப ஏற்றும்போது முகவரி மாறும் என்பதால் அதை ஒரே ஃபைலில் வைப்பது நல்லது.

டெஸ்ட்நெட் ஈதரை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். ஃபாசெட்டுகள் நாளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் தரும். பழைய வீடியோக்கள் சொல்லும் கோர்லி டெஸ்ட்நெட் 2024-லேயே முடிந்துவிட்டது. மாடிக்கு இன்வெர்ட்டரும் இரண்டு கம்பெனி சிம்மும் அவசியம். அரங்கில் மென்டார் சொல்வதை அங்கிருப்பவர் அப்போதே எழுதி அனுப்ப வேண்டும். அரைமணி கழித்து நினைவிலிருந்து சொன்னால் பாதி மாறியிருக்கும்.

டெமோ வீடியோவை கடைசி இரவுக்கு முன்பே எடுத்து வைத்தோம். அதைப் பார்த்த ஒரு நடுவர், 'பூ விவசாயி 12 சொல் ரகசியத் தொடரை எங்கே வைத்துக்கொள்வார்?' என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் தொடர் இல்லாமலே வாலெட்டைத் திறக்க 2023-இல் ஈத்தீரியத்துக்கு வந்த ஈஆர்சி-4337 வழி தருகிறது. மல்லி ஆப்பில் இப்போது அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.