உலகத்துப் பாட்டெல்லாம் ஏஐக்குள் ஏறிவிட்டதா?

கறம்பக்குடிப் பக்கத்துக் கும்மியையும் ஒப்பாரியையும் பதிந்து வைக்கலாம் என்று யாரிடம் பேசினாலும் ஒரே பதில்தான்: “எதுக்குங்க? உலகத்துப் பாட்டெல்லாம் ஏஐக்குள்ள ஏத்தியாச்சு. கேட்டா அதுவே பாடிரும்.” விவரம் தெரியாதவர்கள் சொன்னால் பொறுக்கலாம். ஆசிரியர்களே சொல்கிறார்கள். இது முழுப் பொய்.

மரபிசையைக் கணினி கொண்டு ஆராய்ந்த பெரிய முயற்சிகளில் ஒன்று ‘காம்ப்மியூசிக்’. பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கியது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழுவும் அதில் உழைத்தது. எடுத்துக்கொண்டவை ஐந்தே மரபுகள்: கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கியின் மகாம், அரபு-அந்தலூசிய இசை, பெய்ஜிங் ஓபரா. தமிழ்நாட்டிலிருந்து போனது கச்சேரி இசை. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் போகவில்லை. ராகம் அறியும் சோதனைக்கு அவர்கள் திரட்டிய கர்நாடக இசைத் தொகுப்பு ஒன்றில் 40 ராகங்கள், 480 பதிவுகள். அவ்வளவுதான்.

உலகம் முழுவதையும் ஒப்பிட்டு ‘சயின்ஸ்’ இதழில் 2019இல் வந்த புகழ்பெற்ற ஆய்வின் ஒலித்தொகுப்பில் இருந்தவை 118 பாட்டுகள். தாலாட்டு, ஆட்டப் பாட்டு, காதல் பாட்டு, நோய் தீர்க்கும் பாட்டு என்று நான்கு வகை. ஒப்பாரிக்கு அதில் இடமே இல்லை!

சரி, கச்சேரிக்குச் செய்த கருவியிடம் நம் ஊர் ஒப்பாரியைக் கொடுத்தால்? பாடகருக்குப் பாடகர் ஆதார சுருதி மாறும். அதனால் ராகம் பார்க்குமுன் ஷட்ஜம் எங்கே நிற்கிறது என்று கணினி கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு முக்கியமான பிடிமானம், பின்னால் ஓயாமல் ஒலிக்கும் தம்புரா. இழவு வீட்டில் தம்புரா ஏது? அழுகையில் குரல் உடைகிறது, சுருதி நழுவுகிறது, செத்தவர் என்ன முறையோ அதற்கேற்ப வரி அங்கேயே பிறக்கிறது. கருவி கைவிரித்துவிடும். பாடிக் காட்டும் செயலிகள் எதையாவது கோத்துத் தரும்; அது எந்த ஊர் ஒப்பாரியும் ஆகாது.

ஏஐயையும் இசையையும் பற்றி உலவும் மற்றப் பேச்சுகளுக்கு ஆளுக்கு இரண்டு வரி போதும். கமகம் கணினிக்கு எட்டவே எட்டாது என்பதும் தவறு. சுரம் நகரும் விதத்தையே பார்க்கும் முறை ஒன்று 2016இல் வந்தது. அந்த 480 பதிவுகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் ராகத்தைச் சரியாகச் சொன்னது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டை ஏஐ அப்படியே பாடிவிட்டது என்கிறார்கள். கல்லில் இருப்பவை சுர எழுத்துகள். என்ன வேகம், எந்தக் குரல் என்று கல் சொல்லவில்லை. பாடியது கற்பனை. துருக்கி மகாம் நம் பண்ணிலிருந்து போனதென்று ஏஐ நிரூபித்துவிட்டதாம்! சுரங்கள் ஒத்துப்போவது வம்சாவளிக்குச் சான்றாகாது.

ஆசிரியர்களே, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கையிலிருக்கும் போனில் பதியட்டும். முதலில் சம்மதம் கேட்கட்டும். பாடுகிறவர் பெயர், ஊர், எந்தச் சமயத்துப் பாட்டு என்பதைத் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதியட்டும். அது இல்லாத ஒலி ஆய்வுக்கு உதவாது. வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்று அப்பத்தா மறுத்தால் வயல் வரப்பில் உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள்.