டோஸ்டருக்குள் மொச்சை, சோமாஸுக்குள் பலா

கேஸ் அடுப்பில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடும் கை டோஸ்டர் நம் வீடுகளில் பெரும்பாலும் உருளைக்கிழங்கு மசாலாவுக்கென்றே நேர்ந்துவிடப்பட்டிருக்கிறது. கிழங்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. ருசியும் வருஷம் முழுக்க ஒன்றுதான். அதே டோஸ்டருக்குள் தை மாதத்தில் பச்சை மொச்சையையும் பங்குனியில் முருங்கைக்காயின் சதையையும் வைத்து மூடலாம். சோமாஸ் கரண்டிக்கும் தீபாவளியைத் தவிர வேறு நாள் உண்டு. வைகாசியில் பலா மலிந்து கிடக்கும்போது அந்தக் கரண்டியை எடுத்து வெளியே வைக்கலாம்.

பலர் இதை ஒருமுறை செய்துபார்த்துவிட்டுக் கிழங்குக்கே திரும்பிவிடக் காரணம் தண்ணீர். வேகவைத்து மசித்த கிழங்கு ஈரத்தைத் தனக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். பருவத்துக் காய்கள் அப்படியில்லை; சூடு பட்டதும் நீர் விடும். அந்த நீர் ரொட்டியை ஊறவைக்கும், ஆவியாகி ஓரத்தைப் பிளக்கும், டோஸ்டரின் இடுக்கு வழியாக அடுப்பில் சொட்டும். பூரணத்தின் நீரை முன்கூட்டியே வற்றவைக்கத் தெரிந்துவிட்டால் சந்தையில் அன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் எதையும் இதில் வைக்கலாம்.

டோஸ்டரும் ரொட்டியும்

டோஸ்டரை வாங்கும்போது உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். சுற்றிலும் மேடான விளிம்பும் நடுவில் குழிவும் இருக்க வேண்டும். மூடும்போது இரண்டு விளிம்புகளும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். அந்த விளிம்புதான் இரண்டு ரொட்டித் துண்டுகளையும் நசுக்கி ஒட்டுகிறது. வரிவரியாகக் கோடு போடும் கிரில் டோஸ்டரில் சாண்ட்விச் மொறுமொறுப்பாக வரும், ஆனால் ஓரம் மூடாது. அது வேறு வேலைக்கான சாமான். பூச்சில்லாத அலுமினிய டோஸ்டரே எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாக வெண்ணெய் கேட்கும், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். நான்ஸ்டிக் டோஸ்டராக இருந்தால் வெறுமனே நெடுநேரம் காயவிடாதீர்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

இப்படி ஓரம் மூடிச் சுட்ட சாண்ட்விச்சுக்கு ஆஸ்திரேலியாவில் ஜாஃபிள் என்று பெயர். சிட்னியின் பாண்டை பகுதியைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்மிதர்ஸ் என்ற மருத்துவர் 1949-ல் அதைச் சுடும் டோஸ்டருக்குக் காப்புரிமை பெற்றார். அது வட்ட வடிவம், நீளக் கைப்பிடி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரொட்டி ஓரத்தை நறுக்கித் தள்ளிவிட்டுச் சாண்ட்விச்சை மூடிவிடும். முகாம் போகிறவர்கள் கணப்பு நெருப்பில் சுடுவார்கள். முந்தின நாள் மிஞ்சிய கொத்துக்கறியோ டப்பாவில் வரும் பீன்ஸோ உள்ளே போகும். 1974-ல் அங்கே பிரெவில் நிறுவனம் முக்கோணமாக வெட்டி மூடும் மின்சார டோஸ்டரைக் கொண்டுவந்தது. உங்களிடம் இருப்பது அந்த மின்சார வகையானாலும் இங்கே சொல்லும் முறை பொருந்தும். திருப்பிப் போடும் வேலை மட்டும் மிச்சம்.

ரொட்டி ஒருநாள் பழையதாக இருப்பது நல்லது. அன்றைக்கே வந்த மெத்தென்ற ரொட்டி வெண்ணெய் தடவும்போதே பிய்யும், பூரணத்தின் ஈரத்தையும் சீக்கிரம் உறிஞ்சும். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள சதுரத் துண்டு போதும். ஓரத்தை முன்கூட்டியே வெட்ட வேண்டாம். சுட்டபின் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரியுங்கள். கத்தரித்த ஓரங்களை வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்து டப்பாவில் வைத்துக்கொண்டால், நீர் அதிகமான பூரணத்தில் ஒரு ஸ்பூன் சேர்க்க உதவும்.

தை மாதத்து மொச்சை

பொங்கலை ஒட்டிக் காய்க்கடைகளில் பச்சை மொச்சை குவியும். வட மாவட்டங்களில் இதை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பார்கள். சாண்ட்விச்சுக்கும் பிதுக்கிய பருப்புதான் சரி. தோலோடு இருந்தால் மசியாது, கடிக்கும்போது தோல் தனியாக வாயில் நிற்கும்.

காயை உரித்து எடுத்த மொச்சையை இரவே தண்ணீரில் போட்டுவிடுங்கள். காலையில் தோல் தளர்ந்து உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு முனையில் அழுத்தினால், தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் பாயும். கிண்ணத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாதி தரையில் கிடக்கும். சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தால் போட்டி போட்டுக்கொண்டு பிதுக்கித் தருவார்கள்.

நாலு சாண்ட்விச்சுக்குப் பிதுக்கிய பருப்பு ஒரு கப் வேண்டும். மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவையுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். மொச்சையை அரைவேக்காட்டில் விடக் கூடாது. டோஸ்டருக்குள் இருக்கும் சில நிமிஷத்தில் பூரணம் சூடாகுமே தவிர வேகாது. வெந்ததும் வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள்.

வாணலியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு அரை டீஸ்பூன் சோம்பைப் பொரியவிடுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன் போட்டு, பச்சை வாசனை போக வதக்குங்கள். மொச்சையைச் சேர்த்துக் கரண்டியின் முதுகால் பாதியை மசித்துவிடுங்கள், மீதி முழுசாக இருக்கட்டும். தக்காளி வேண்டாம். புளிப்புக்கு அடுப்பை அணைத்தபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும். தேங்காய்த் துருவல் இரண்டு டேபிள்ஸ்பூன், பொட்டுக்கடலை மாவு ஒரு டேபிள்ஸ்பூன், கொத்தமல்லித்தழை. ஈரத்தை வாங்கிக்கொள்ள நம் சமையலறையில் பொட்டுக்கடலை மாவை மிஞ்ச எதுவும் இல்லை. சோளமாவுபோலக் கொழகொழப்பும் ஆகாது.

பூரணம் தயாரா என்று பார்க்க, வாணலியின் நடுவில் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்று அடி தெரிந்தால் சரி. இரு பக்கத்திலிருந்தும் நீர் கசிந்து கோட்டை மூடினால் இன்னும் வதக்க வேண்டும். பிறகு தட்டில் பரப்பி முழுசாக ஆறவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சூடான பூரணத்தை வைத்தால் ரொட்டி சுடுவதற்கு முன்பே உள்ளே வியர்த்து நனைந்துவிடும்.

சுடுவது

1. வெண்ணெயை அறைச்சூட்டில் இளகவிட்டு, ரொட்டித் துண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விளிம்புவரை தடவுங்கள். அந்தப் பக்கம்தான் டோஸ்டரைத் தொட வேண்டும்.

2. மூடிய டோஸ்டரைச் சிறு தீயில் பக்கத்துக்கு அரை நிமிஷம் காட்டிச் சூடாக்குங்கள்.

3. வெண்ணெய்ப் பக்கம் கீழாக ஒரு துண்டை வைத்துக் குழிவில் பதியுமாறு விரலால் லேசாக அழுத்துங்கள். நடுவில் மூன்று டேபிள்ஸ்பூன் பூரணம். சுற்றிலும் ஒன்றரை விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால் விளிம்பில் பூரணம் மாட்டிக்கொண்டு அந்த இடம் ஒட்டாது.

4. வெறுமையாக விட்ட ஓரத்தில் ஈரக்கையால் ஒருசுற்றுத் தொட்டுவிடுங்கள். ரொட்டியின் மாவுச்சத்து அந்த ஈரத்திலும் சூட்டிலும் அழுத்தத்திலும் பசைபோலப் பிடித்துக்கொள்ளும்.

5. இரண்டாவது துண்டை வெண்ணெய்ப் பக்கம் மேலாக வைத்து மூடி, கொக்கியை மாட்டுங்கள். கொக்கி சிரமப்பட்டு மாட்டினால் பூரணம் கூடிவிட்டது, கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

6. சிறு தீக்கும் நடுத்தரத் தீக்கும் இடையில் வைத்து, முதல் ஒன்றரை நிமிஷம் திருப்பாமல் விடுங்கள். ஓரம் ஒட்டுவது அப்போதுதான். பிறகு நிமிஷத்துக்கு ஒருதரம் திருப்பி, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் சுடுங்கள். கொஞ்சமாகத் திறந்து நிறம் பாருங்கள். தீயைக் கூட்டினால் வெளியே கருகி, உள்ளே ஜில்லென்று இருக்கும்.

சுட்டதைத் தட்டில் வைக்காமல் கம்பித் தட்டிலோ சல்லடையைக் கவிழ்த்து அதன் மேலோ வையுங்கள். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஆவியில் நமுத்துவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் ஒரு மூலையைக் கத்தரித்து ஆவியை வெளியேற்றுங்கள். மூடிய சாண்ட்விச் மேலே ஆறியிருந்தாலும் உள்ளே நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும்.

மற்ற மாதங்கள்

மொச்சை வரும் அதே நாட்களில் வருவது பனங்கிழங்கு. இது மற்றதற்கு நேரெதிர்: ஈரமே கிடையாது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலையும் நடுநரம்பையும் நாரையும் எடுத்துவிட்டு, பச்சை மிளகாய், பூண்டு, சீரகம், தேங்காயோடு இடித்தால் பொலபொலவென்று வரும். தெற்கத்தி வீடுகளில் இதை அப்படியே சாப்பிடுவார்கள். சாண்ட்விச்சுக்கு உருக்கிய நெய் ஒரு ஸ்பூன் விட்டுப் பிசைந்தால்தான் தொண்டையில் இறங்கும்.

பங்குனி, சித்திரையில் முருங்கைக்காய் மலிவு. சதைப்பற்றுள்ள காய்களை விரல் நீளம் நறுக்கி, தண்ணீரில் போடாமல் இட்லிப்பானையில் ஆவியில் வேகவையுங்கள். இரண்டாகப் பிளந்து ஸ்பூனால் வழித்தால் சதை திரண்டு வரும். முற்றிய விதைகளை எடுத்துவிடுங்கள். சின்ன வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலையோடு வதக்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் முட்டை எல்லா ஈரத்தையும் கட்டிவிடும். வருஷத்தில் ஒரேயொரு சாண்ட்விச் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

மாங்காயைத் துருவிப் பச்சையாக வைக்காதீர்கள், நீர் கொட்டும். உப்புப் பிசறிப் பதினைந்து நிமிஷம் வைத்துப் பிழிந்து, பனீரோடு கலக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை நீர் கோத்து வரும். அந்த மாதங்களில் முருங்கைக்கீரையை மட்டும் நெய்யில் சுருள வதக்கி, வறுத்த வேர்க்கடலைப் பொடி தூவி வைப்பது நல்லது.

சோமாஸ்

தீபாவளி சோமாஸில் பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் கொப்பரையும் இருக்கும். எல்லாமே உலர்ந்தவை என்பதால் அது நாள்கணக்கில் கெடாது. பருவத்துப் பூரணம் வைத்த சோமாஸுக்கு அந்த ஆயுள் கிடையாது. அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். இலங்கையில் தேநீர்க் கடைகளில் விற்கும் மீன் பற்றிஸும் இந்த வகைதான், அரைவட்டமாக மடித்துப் பொரித்து அன்றன்றைக்கே விற்றுத் தீர்ப்பது.

வைகாசி, ஆனியில் பலாப்பழ சோமாஸ் செய்யுங்கள். பண்ருட்டிப் பலா ஊர் ஊராக வண்டியில் வரும் காலம் அது. கொட்டை நீக்கிய சுளைகளைப் பொடியாக நறுக்கினால் இரண்டு கப் இருக்க வேண்டும். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு டேபிள்ஸ்பூன் நெய் விட்டுச் சுளையை மசிய வதக்கி, முக்கால் கப் பொடித்த வெல்லம் சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் இளகும், பிறகு இறுகும். அரை கப் தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. ஆறியதும் உள்ளங்கையில் உருட்டினால் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும். வெல்லத்தின் நீர் மிச்சமிருந்தால் எண்ணெயில் வெடித்துப் பாகு கசிந்து, அடுத்த ஈடெல்லாம் கருப்பாகும்.

மேல்மாவுக்கு மைதா 250 கிராம், மெல்லிய ரவை இரண்டு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சூடான நெய் இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற்றி, மாவு முழுக்கப் பரவும்படி விரலால் தேய்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். ஈரத்துணி மூடி அரைமணி. சிறு எலுமிச்சை அளவு எடுத்து மெல்லிசாகத் தேய்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் பூரணம் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு மடியுங்கள். உள்ளே காற்று அடைபடாமல் பூரணத்தை ஒட்டி அழுத்திக்கொண்டே வந்து ஓரத்தை மூட வேண்டும். பிறகு சோமாஸ் கரண்டியின் சக்கரத்தை ஓட்டி வெட்டுங்கள். அந்த நெளிநெளி வெட்டு அழகுக்கு மட்டுமில்லை, இரண்டு ஓரத்தையும் இன்னொருமுறை அழுத்தி இணைக்கிறது. எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். கிள்ளிப் போட்ட மாவு நிதானமாக மேலே வர வேண்டும். சட்டென்று எழும்பினால் சூடு அதிகம்.

ஓவனில் சுட விரும்புகிறவர்களுக்கு இந்த மாவு உதவாது, விறைத்துப்போகும். 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு போட்டு விரல்நுனியால் உதிர்த்து, மூன்று நாலு டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணீரில் சேர்த்துப் பிடிக்க மட்டும் செய்யுங்கள், அடித்துப் பிசைய வேண்டாம். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகும். விடியற்காலையில் செய்வதும், மைதாவை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைப்பதும் உதவும். மடித்த பின் மேலே கத்தியால் இரண்டு கீறல் போட்டு, பால் தடவி, முன்பே சூடாக்கிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் இருபது முதல் இருபத்தைந்து நிமிஷம் சுடுங்கள். இதே மாவை இரண்டு சதுரமாகத் தேய்த்து ரொட்டிக்குப் பதிலாகக் கை டோஸ்டரிலும் வைக்கலாம். தீ மிகச் சிறியதாக, பக்கத்துக்கு ஐந்து நிமிஷமாவது வேண்டும்.

மொச்சைப் பூரணமும் பலாப் பூரணமும் காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். தேங்காய் சேர்க்காத மொச்சை மசாலாவை ஃப்ரீஸரில் ஒரு மாதம்வரை வைக்கலாம். எடுத்தபின் வாணலியில் மறுபடி வதக்கி, கரண்டிக் கோட்டைப் பார்த்துவிட்டு, அப்போது தேங்காயும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய், முட்டைப் பூரணத்தை மட்டும் எடுத்துவைக்க வேண்டாம்.