பெண்மக்களும் திருமணப் பருவமும்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் பெரியோர். பயிருக்குப் பருவம் உண்டு. அந்தப் பருவம் எது என்பதில்தான் இன்று பெற்றோருக்கும் பெண்மக்களுக்கும் கருத்து வேறுபாடு எழுகின்றது.

இப்பருவம் காலந்தோறும் மாறியே வந்துள்ளது. சிலப்பதிகாரக் கண்ணகிக்கு மணம் நிகழ்ந்தபோது வயது 12. இந்தியாவில் 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. 1978இல் அது 18 ஆயிற்று. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1-3-1982இல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு அது விதித்த பொதுவான மணவயது 18. 21 வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ரப்பர் காலத்தில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, தாயுடன் பால்மரம் வெட்டப் போன பெண்கள் பலர். பெரியவளானதும் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பின்னர் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. 1970களிலிருந்து தொழிற்சாலை வேலையும், அதன்பின் எஸ்.பி.எம்., கல்லூரிப் படிப்பும் வந்தன. கையில் சம்பளமும் பெயரில் சேமநிதியும் உள்ள பெண், "இரண்டு வருடம் போகட்டும் அம்மா" என்கிறாள். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசியப் பெண்களின் சராசரி முதல் மணவயது 25.7. எனவே இது நம் வீட்டுப் பெண்ணின் பிடிவாதமன்று. நாடு முழுதும் வந்த மாற்றம்.

ஆயினும் தாமதங்கள் எல்லாம் ஒன்றல்ல. திலகவதியாரை நினைவு கூர்வோம். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார்; பெற்றோரும் மறைந்தனர். தம்பி மருள்நீக்கியாருக்காக அம்மையார் உயிர் தாங்கினார். அத்தம்பியே பின்னாளில் அப்பர் பெருமான். அந்தத் தியாகம் அவரே விரும்பி ஏற்றது. நம்மிடையே மூத்த மகளின் சம்பளத்தில் தம்பி தங்கையரைப் படிக்க வைத்து, வீட்டுக் கடனையும் அடைத்து, அவள் முப்பதைக் கடந்தபின் "இவளுக்கு ஒன்றும் அமையவில்லையே" என்று வருந்தும் குடும்பங்கள் உள்ளன. அவளைக் கேளாமல் அவள் காலத்தை எடுத்துக்கொள்வது முறையாகுமா?

பெற்றோர் மூன்றைக் கருத வேண்டுகிறேன்.

1. மகளின் தாமதம் அவள் விருப்பமா, நாம் சுமத்திய பாரமா என்று அவளிடமே கேளுங்கள்.

2. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிப் படிப்பை நிறுத்தாதீர்கள். பிரமசரியத்தின் பின்னரே கிரகத்தம் என்பது நம் நூல்கள் கூறும் முறை. மகனுக்குரிய அம்முறை மகளுக்கும் உரியதாகட்டும்.

3. மாப்பிள்ளை தேடுவதில் அவள் சொல்லுக்கு இடம் கொடுங்கள். அசுவபதி மன்னன் தன் மகள் சாவித்திரியையே கணவனைத் தேர்ந்துவர அனுப்பினான் என்கிறது பாரதம்.

பெண்மக்களுக்கும் ஒரு சொல். மணம் வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதை மனத்திற்குள் வைத்துக்கொண்டு பெற்றோரைத் தவிக்க விடாதீர்கள். வாய்விட்டுப் பேசுங்கள். பேச்சு இருக்கும் வீட்டில் மனக்கசப்பு தங்காது. எல்லா இல்லங்களிலும் மங்கலம் பெருக எம்பெருமான் அருள் புரிவானாக.