ஹஸ்கிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

கீழ்பென்னாத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரில் ஒரு ஹஸ்கி குட்டி பார்த்து வைத்திருக்கிறாய், முன்பணம் கொடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ஃபிளாட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் ஊரில் இடம் இருக்கிறதே என்று நீ சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். நாய் வளர்ப்பது உன் விருப்பம், உன் சம்பாத்தியம். அதில் குறுக்கே நிற்க எனக்கு எண்ணம் இல்லை. ஆனால் ‘ஊரில் இடம் இருக்கிறது’ என்ற அந்தப் பேச்சு நம் குடும்பத்தில் எதையெல்லாம் யார் தலையில் கட்டியது என்று உனக்கே தெரியும். அதைக் கிளற நான் எழுதவில்லை. இந்த முறை அது வாயில்லாத ஒரு உயிர்மேல் வந்து விழப்போகிறதே என்றுதான் எழுதுகிறேன்.

ஹஸ்கி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம். அதற்கு ரோமம் இரண்டு அடுக்கு. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே வெளியே தள்ள வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது நாட்டு நாயே சாக்கடை ஓரத்து ஈரத்தைத் தேடிப் போய்ப் படுக்கிறது. ஏசி போடுவேன் என்பாய். நாள் முழுக்க ஓடுவதற்கென்று பிறந்த உடம்பை ஏசி அறையில் அடைத்தால் அது கத்தும், கதவைப் பிறாண்டும், கடைசியில் ‘இந்த நாய் சரியில்லை’ என்று பெயர் வாங்கும். ரோமத்தை மழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. வெயிலைத் தடுப்பதும் அந்த ரோமம்தான் என்பதால் மருத்துவர்கள் மழிக்க வேண்டாம் என்கிறார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று 11 வெளிநாட்டு இனங்களைக் குறிப்பிட்டது. ஹஸ்கியும் அதில் உண்டு. நாய் வளர்ப்புச் சங்கத்தார் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும் வெயில் வெயில்தானே.

இனத்தை விட்டுவிடு, எந்த நாயானாலும் பன்னிரண்டு பதினான்கு வருஷம் இருக்கும். அதற்குள் நீ எத்தனை வேலை மாறுவாய், கம்பெனி உன்னை எந்த நாட்டுக்கு அனுப்பும், உன் பெண் எந்த வகுப்பில் இருப்பாள் என்று யோசித்துப் பார். குட்டியாக இருக்கும்போது மடியில் வைத்துப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. இருபது கிலோவுக்குமேல் வளர்ந்து, சங்கிலியைப் பிடித்தால் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும் நாயை முழங்கால் வலியோடு இருக்கும் உன் அம்மா எப்படிச் சமாளிப்பாள்? அவள் முடியாது என்று உன்னிடம் சொல்லமாட்டாள். அவள் சொல்லமாட்டாள் என்பதால் நான் சொல்கிறேன்.

தெருவில் இத்தனை நாய் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் பேரூராட்சியைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், அவர்களுக்கும் கடமை உண்டு. ஆனால் தெருநாய் என்று தனியாக ஒரு இனம் கிடையாது. வீட்டில் வளர்ந்து அவிழ்த்துவிட்டதும், வயல்காட்டில் காவலுக்கு வைத்துக் கருத்தடை செய்யாமல் விட்டதும், அவற்றின் குட்டிகளும்தான் தெருவில் திரிகின்றன. ஒரு பொட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். கடுவன் குட்டியை யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுச் சந்தைப் பக்கமோ, கோயில் பக்கமோ, கிரிவலப் பாதையிலோ விட்டுவிட்டு வந்துவிடுவார்கள், சாமி பார்த்துக்கொள்ளும் என்று. அந்தப் பொட்டைதான் அடுத்த வருஷம் ஆறு குட்டியோடு நிற்கிறது. ஆக, இந்தக் கணக்கு வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது. அங்கேயே அதை முடிக்கவும் முடியும். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளும் இதையே சொல்கின்றன: வீட்டு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் வளர்ப்பவரே பொறுப்பு, தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. முதல் பாதியை நாம் செய்யாமல் இரண்டாம் பாதிக்கு மட்டும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாயைக் கைவிடுவதற்கு எதிராகச் சட்டம் இல்லாமலும் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் தனி மசோதா கொண்டுவந்து தொடங்கிவைத்த முயற்சிதான் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஆனது. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிட்டு, அது பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலைக்கு விடுவது அந்தச் சட்டத்தில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கும் அதே தொகைதான் என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஒரு உயிரை நடுத்தெருவில் விடுவதற்கு விலை 50 ரூபாய் என்று இருக்கும்வரை மனசாட்சியைத் தவிர வேறு காவல் கிடையாது.

எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றால் தீரும் என்று உன் சித்தப்பா சொல்வதை நீயும் சொல்லாதே. சென்னையில் அதைச் செய்து பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது; நூறு வருஷத்துக்கு மேலாகியும் நாயும் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் நிற்கவில்லை. குப்பையும் எச்சில் சோறும் கிடக்கிற இடத்தில் நாலு நாயை அப்புறப்படுத்தினால் பக்கத்துத் தெரு நாய் வந்து குட்டி போடுகிறது. ப்ளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே கருத்தடைதான் வழி என்று சொல்லித் தொடங்கியது. அதை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996இல். வெறிநாய்க்கடி விஷயத்திலும் வழி அதேதான். ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான் வருகிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கோவாவில் வீட்டு நாய், தெருநாய் என்று பார்க்காமல் வருஷா வருஷம் ஊசி போட்டார்கள். 2021இல் அந்த மாநிலம் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. மனுஷனுக்கே சோறில்லாதபோது நாய்க்கு என்ன தர்மம் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். நாய்க்குப் போடும் ஊசி தெருவில் விளையாடும் குழந்தைக்காகவும்தான். நாய் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, பால் குடிக்கும் குட்டியானாலும் சரி, பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் வேண்டாம். நாயை விட்டு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன் பெண்ணை நினைத்துத்தான்.

தடுப்பூசி, கருத்தடை வேலைகளை நம் மாவட்டத்தில் யார் செய்கிறார்கள்? மாட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்கு மாடு, ஆடு பார்க்கவே பொழுது போதாது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் அருணாச்சலா விலங்குகள் காப்பகம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து மலையடிவாரத்திலேயே தங்கிவிட்ட லெஸ்லி ராபின்சன் என்பவர் தொடங்கியது. அடிபட்ட நாய்க்கு வைத்தியம், தடுப்பூசி, கருத்தடை, வளர்க்கக் கேட்பவர்களுக்குக் குட்டி கொடுப்பது என்று நடக்கிறது. நம் ஊர் நாய்க்கு வெளிநாட்டுக்காரர் வந்துதான் கூரை போட வேண்டியிருந்தது. அதே ஊர் ரமணாசிரமத்தில் லட்சுமிப் பசுவுக்கு 1948இல் சமாதி கட்டினார்கள். பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. அவற்றைக் கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்களில் எத்தனை பேர் காப்பகத்தின் பக்கம் எட்டிப் பார்க்கிறோம்? காப்பகத்துக்கு வேண்டியது அரிசி, பழைய போர்வை, மருந்துச் செலவு, மாதா மாதம் தவறாமல் வரும் ஒரு சிறு தொகை. பிறந்தநாளுக்கு ஒரு தடவை பெரிதாகக் கொடுப்பதைவிட மாசம் இருநூறோ முந்நூறோ ஒழுங்காக வந்தால்தான் அவர்கள் திட்டம் போட்டு ஆபரேஷன் செய்ய முடியும். அதைவிடப் பெரிய உபகாரம், வளர்க்க முடியாத நாயைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் கட்டாமல் இருப்பது. நல்ல ஆரோக்கியமான ஒரு வீட்டு நாய் அங்கே படுக்கிற இடம், லாரி அடித்த இன்னொரு நாய்க்குக் கிடைக்காமல் போகும் இடம்.

அங்கிருந்தே ஒரு நாயை எடுத்துக்கொள் என்றால், காப்பகத்து நாய் எப்படியோ என்னவோ, குழந்தை இருக்கிற வீடு, நல்ல ஜாதி நாய் என்றால் குணம் தெரியும் என்று நீ சொல்வாய். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குதறியவை வீட்டில் வளர்ந்த ராட்வைலர்கள். ஜாதி காப்பாற்றவில்லை. எந்த நாயாக இருந்தாலும் பழக்கியவிதம், கட்டி வைக்காமல் நடத்திக் கூட்டிப்போவது, குழந்தையோடு தனியாக விடாமல் இருப்பது, இவைதான் காக்கும். காப்பகத்தில் வளர்ந்த நாயை எடுத்தால், அதன் குணம் ஏற்கெனவே வெளியில் தெரிந்திருக்கும். அங்கே இருப்பவர்களைக் கேட்டு, நாலு தடவை போய்ப் பழகிப் பார்த்து எடுக்கலாம். ஐம்பது நாள் குட்டியைப் படத்தில் பார்த்துப் பணம் அனுப்பினால் என்ன தெரியும்? 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுகூட, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்று சொன்னது. எடுப்பதைவிட அந்தப் பின்பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முடிவு உன் கையில்தான். ஒன்று மட்டும் செய். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெண்டாட்டி பிள்ளையோடு ஒரு காலைநேரம் செங்கம் ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு முன்பணம் கொடுப்பதா வேண்டாமா என்று யோசி. நாய் எடுத்தால் அது உன்னோடு பெங்களூரில் இருக்க வேண்டும், ஊசியும் ஆபரேஷனும் உன் செலவில் நடக்க வேண்டும், நீ வெளிநாடு போனால் அதுவும் போகும் என்று இப்போதே எழுதிக் கொடுக்கிற துணிவு இருந்தால் எடு. இல்லாவிட்டால் மாசம் ஒரு தொகை அனுப்பு, உன் பெண் லீவுக்கு வரும்போதெல்லாம் அங்கே போய் விளையாடட்டும்.

அதிகம் எழுதிவிட்டேன். உன்னைத் திட்டியதாக நினைக்காதே கண்ணு. சின்ன வயதிலிருந்தே எந்த உயிரையும் அடிக்காத பிள்ளை நீ, அதனால்தான் உன்னிடம் இவ்வளவு பேசத் தோன்றுகிறது. வேறு யாராயிருந்தாலும் இந்தப் பேச்சே எடுத்திருக்கமாட்டேன். கார்த்திகை தீபத்துக்குக் கட்டாயம் எல்லோரும் வர வேண்டும், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. வேர்க்கடலை புதுசு வந்திருக்கிறது, வறுத்து வைக்கிறேன். எள்ளுருண்டையும் உண்டு. மருமகளிடம் அன்பைச் சொல், உன் பெண்ணுக்கு என் முத்தம். நீ எந்த நாயோடு வந்தாலும் இந்த வீட்டில் அதற்குச் சோறும் தண்ணீரும் உண்டு, உனக்கும் உண்டு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ரொம்ப நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

உன் அன்புள்ள,
பெரியம்மா